ரா கோப்பு காணோமா, திறக்கவில்லையா: ஹார்ட்டிஸ்க்கிலிருந்து கிளவுட் வரை, அறிகுறி வாரியாக

கல்யாண சீசனில் ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து வரும் போன்களில் புதுமையே இருக்காது. ஹார்ட்டிஸ்க் காட்டவில்லை. லைட்ரூமில் (போட்டோ எடிட் மென்பொருள்) எல்லாப் படத்திலும் ஆச்சரியக்குறி. கூகுள் டிரைவில் ஏற்றியது கிளையண்டுக்குப் பாதிதான் இறங்குகிறது. ஊரும் கேமராவும் மாறினாலும் கோளாறுகள் இவைதான். ரா என்று இங்கே சொல்வது, கேமரா பதிவு செய்யும் திருத்தப்படாத அசல் படக் கோப்பை. உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைக் கடிப்பது கடைசியில்.

எதையும் தொடும் முன்

விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் கேன்சல். அவசரத்தில் இருந்தாலும் கேன்சல். கோப்பு காணாமல் போன டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், மீட்பு மென்பொருளைக்கூட அதில் இன்ஸ்டால் செய்யக்கூடாது. மெமரி கார்டு இன்னும் ஃபார்மேட் ஆகவில்லை என்றால் உடனே கேமராவிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். எஸ்டி கார்டாக இருந்தால் ஓரத்தில் உள்ள சின்ன லாக்கையும் கீழே தள்ளிவிடுங்கள்.

## அறிகுறி 1: ஹார்ட்டிஸ்க்கைச் செருகினால் ஒன்றுமே வரவில்லை

லைட்டே எரியவில்லை

முதல் சந்தேகம் கேபிள் மேல். போர்ட்டபிள் ஹார்ட்டிஸ்க்கோடு வரும் அகலமான தட்டை முனை கேபிள் சீக்கிரம் லூசாகும். டிஸ்க்கோடு அதைச் சுற்றிக் கட்டிப் பையில் திணிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்புறம் போர்ட். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். நடுவில் ஹப் இருந்தால் கழற்றுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900 தரும். சில டிஸ்க்குகளுக்குச் சுழல ஆரம்பிக்கவே முதல் அளவு போதாது. போனில் ஓடிஜி கேபிள் (போனோடு டிஸ்க்கை இணைப்பது) வைத்துச் செருகும்போது ஹார்ட்டிஸ்க் எழாமல் போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால் அடாப்டரை மாற்றிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

லைட் எரிகிறது, சுற்றுகிறது, ஆனால் மை கம்ப்யூட்டரில் இல்லை

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். அங்கே நான்கில் ஒன்று தெரியும்.

டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை: ரைட் கிளிக் செய்து ஒரு எழுத்தைக் கொடுங்கள். முடிந்தது.

பெரிய பார்ட்டிஷன் தெரிகிறது, விண்டோஸுக்கு அது என்னவென்று புரியவில்லை: மேக்கில் ஃபார்மேட் செய்த டிஸ்க்காக இருக்கலாம். டிசைனர் மேக் வைத்திருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். மேக்கில் செருகினால் எல்லாம் அப்படியே இருக்கும். இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட்) டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் எழுத விடாது. இரண்டு பக்கமும் போய்வரும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் வசதி. ஃபேட்32 மட்டும் வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, ரிசப்ஷன் வீடியோ பாதியில் நிற்கும்.

கோப்பு முறை இருக்க வேண்டிய இடத்தில் 'ரா' என்று இருக்கிறது: அது போட்டோ வகை அல்ல, கோப்பு அட்டவணை சிதைந்திருக்கிறது என்று அர்த்தம். படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். மீட்பு மென்பொருளை வேறு டிஸ்க்கில் போட்டு, மீட்பதையும் வேறு டிஸ்க்கிலேயே சேமியுங்கள். போட்டோரெக் இலவசம், ரா வகைகளை நன்றாக அடையாளம் காணும். ஆனால் கோப்புப் பெயர்கள் போய்விடும்.

'இனிஷியலைஸ்' செய்யச் சொல்கிறது, அளவும் பூஜ்யம் அல்லது சம்பந்தமில்லாத எண்: செய்யாதீர்கள். கழற்றிவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை இஜெக்ட் செய்யாமல் பிடுங்கிவிட்டு மறுபடி செருகினால் மேக் பின்னணியில் அதைச் சரிபார்க்கும். அதுவரை டிஸ்க் காட்டாது. 4 டிபி நிறைந்த டிஸ்க் என்றால் நேரம் பிடிக்கும். பொறுமை இல்லாமல் மறுபடி பிடுங்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டக் டக் சத்தம், அல்லது கீழே விழுந்தது

உடனே கழற்றுங்கள். "இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன்" என்பது ஆகவே ஆகாது. சுழலும் தட்டில் தரவைப் படிக்கும் முனை உரசினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரவு சுரண்டப்பட்டுப் போகும். ஃபிரிட்ஜில் வைப்பது, லேசாகத் தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் வேண்டாம். பெட்டியை உடைத்து உள்ளிருக்கும் டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டுவதும் எல்லா மாடலுக்கும் செல்லாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகையில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கிறது, என்கிரிப்ஷனும் (தரவைப் பூட்டி எழுதுவது) அங்கேயே நடக்கிறது. இது வீட்டு வைத்தியத்துக்கு வெளியே போன கேஸ்.

## அறிகுறி 2: காப்பி ஆமை வேகத்தில் போகிறது

ஆரம்பத்திலிருந்தே நொடிக்கு 30, 40 எம்பி

யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடுகிறது. போர்ட் சரியாக இருந்தும் இப்படி என்றால் கேபிளைப் பாருங்கள். போனுக்கு வந்த டைப்-சி சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவை உள்ளே 2.0தான். முனை பொருந்துவதால் எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) அதையே போட்டுவிட்டு, "பத்தாயிரம் கொடுத்து வாங்கினேன், வேகமே இல்லை" என்று புலம்புவார்கள். சாதாரண போர்ட்டபிள் ஹார்ட்டிஸ்க்குக்கு நொடிக்கு 100 எம்பிக்கு மேல் வர வேண்டும், சாட்டா எஸ்எஸ்டிக்கு 400, 500.

வேகமாக ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது

பெரிய கொள்ளளவு போர்ட்டபிள் ஹார்ட்டிஸ்க்குகளில் பல, தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை. நீளமாக எழுதும்போது மூச்சு வாங்கும், டிஸ்க் நிறைய நிறைய இன்னும் மோசமாகும். விலை குறைந்த எஸ்எஸ்டிகளிலும் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பியதும் இதே கதை. கோளாறு இல்லை, அதன் சுபாவம். டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள், எஸ்எஸ்டியை லேப்டாப்பின் சூடான காற்று வரும் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

லைட்ரூமின் பிரிவியூ ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி செய்கிறீர்களா என்றும் பாருங்கள். அதில் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் இருக்கும். அதை விட்டுவிடலாம், பிரிவியூக்களை லைட்ரூம் திரும்ப உருவாக்கிக்கொள்ளும்.

நடுவில் பூஜ்யத்துக்கு விழுந்து, ஒரு குறிப்பிட்ட கோப்பில் மாட்டிக்கொள்கிறது

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். சி7 வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் கேபிள் அல்லது இணைப்பு, நிம்மதி. 05, சி5, சி6 வரிகளில் பூஜ்யம் இல்லாமல் எண் இருந்து அதுவும் ஏறுகிறது என்றால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது. அப்போது வரிசை முக்கியம். இன்னும் டெலிவரி ஆகாத நிகழ்ச்சியின் ரா கோப்புகள் முதலில், அப்புறம் லைட்ரூம் கேட்டலாக் (உங்கள் எடிட் விவரங்கள் இருக்கும் கோப்பு), பழைய வேலைகள் கடைசியில். மாட்டும் கோப்பைத் தாண்டிப் போங்கள், அங்கேயே முட்டாதீர்கள்.

இந்த நிலையில் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" அழுத்துவதோ செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவி) ஓட்டுவதோ கூடாது. அவை கோப்பு முறையைச் சரிசெய்யப் பிறந்தவை, உங்கள் படத்தைக் காப்பாற்ற அல்ல. நோஞ்சான் டிஸ்க்கில் ஓட்டினால், முடிவில் ஒரு ஃபோல்டர் நிறைய பெயர் தெரியாத சிஎச்கே கோப்புகள்தான் மிஞ்சும்.

இணையத்தில் மலிவாக வாங்கிய "2 டிபி எஸ்எஸ்டி"

காப்பி ஆகிறது, ஃபோல்டர் தெரிகிறது, பின்னால் போட்ட படங்கள் எதுவும் திறக்கவில்லை. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து 2 டிபி என்று பொய் சொல்லும் பெட்டிகள் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்கின்றன. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை வைத்து முழுதாக எழுதிப் படித்தால் உண்மைக் கொள்ளளவு தெரிந்துவிடும். புது மெமரி கார்டு வாங்கும்போதும் முதல் முகூர்த்தத்துக்கு முன் இந்தச் சோதனையை ஓட்டிவிடுங்கள். போலியில் எழுதியது எங்கும் சேமிக்கப்படவே இல்லை. எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

## அறிகுறி 3: லைட்ரூமில் ஆச்சரியக்குறி, ஃபோல்டரில் கேள்விக்குறி

பயமுறுத்தும் அறிகுறி, ஆனால் இருப்பதிலேயே சாதாரணமான கோளாறு. கேட்டலாக்கில் படங்கள் இல்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியும் நீங்கள் செய்த எடிட்டும்தான் இருக்கின்றன. முகவரி மாறிவிட்டது, அவ்வளவே.

டிரைவ் எழுத்து மாறியது. நேற்று எஃப் என்று வந்த டிஸ்க், இன்று பென்டிரைவ் முந்திக்கொண்டதால் ஜி என்று வந்திருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள், அத்தனை ஆச்சரியக்குறியும் மறையும். ஒவ்வொரு வேலை டிஸ்க்குக்கும் ஆங்கில எழுத்து வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்து, அதை டிஸ்க் மேல் ஸ்டிக்கரிலும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது. மேக்கில் எழுத்துக்குப் பதில் டிஸ்க்கின் பெயர்தான் முகவரி, அதை மாற்றாதீர்கள்.

யாரோ ஃபோல்டர் பெயரை மாற்றினார்கள். "கல்யாணம்_புது" என்பதை "கல்யாணம்_ஃபைனல்" ஆக்கிய புண்ணியவான் பக்கத்து சீட்டில்தான் இருப்பார். கேள்விக்குறி உள்ள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, காணாமல் போன ஃபோல்டரைக் கண்டுபிடி என்ற வசதியில் புதிய இடத்தைக் காட்டுங்கள். மேல்மட்ட ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இருப்பவை தானே ஒட்டிக்கொள்ளும். பெயர் மாற்றுவது, நகர்த்துவது எல்லாம் இனி லைட்ரூமுக்கு உள்ளேயே நடக்கட்டும்.

இங்கே செய்யவே கூடாதது ஒன்று: புதிதாக இம்போர்ட். படங்கள் வரும், எடிட் வராது. ஒரே படம் இரண்டு முறை உட்கார்ந்து, எது எடிட் செய்தது என்று தேடியே ஒரு நாள் போகும்.

படம் வந்தது, எடிட் இல்லை. கேமரா நிறுவனங்களின் ரா வகைகளுக்கு எடிட் விவரம் ராவுக்குள் போகாது. கேட்டலாக்கில் இருக்கும், அல்லது பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற குட்டிக் கோப்பாக இருக்கும். (அடோபியின் ரா வகையான டிஎன்ஜி மட்டும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.) லைட்ரூம் கிளாசிக் தானாக எக்ஸ்எம்பி எழுதாது, செட்டிங்ஸில் நீங்கள் டிக் செய்தால்தான் எழுதும். ஆக, கிளவுடுக்கு ரா மட்டும் போய், லேப்டாப் செத்துவிட்டால் நிறத் திருத்தம் முழுக்கப் போச்சு. கேட்டலாக் பேக்கப் ஃபோல்டர் எங்கே என்று பாருங்கள். அதுவும் அதே லேப்டாப்பில் இருந்தால் இன்றைக்கே வெளியே ஒரு பிரதி எடுங்கள்.

டிஸ்க் வெளியூரில் மாட்டிக்கொண்டது, எடிட் மட்டும் அவசரம் என்றால் ஒரு வழி உண்டு. இம்போர்ட் செய்யும்போது ஸ்மார்ட் பிரிவியூ (ராவின் சிறிய பிரதி) உருவாக்கியிருந்தால், அசல் டிஸ்க் இல்லாமலே எடிட் செய்யலாம். நீளப் பக்கம் 2560 பிக்சல் அளவுக்கு ஏற்றுமதியும் செய்யலாம். வாட்ஸ்அப், இன்ஸ்டாவுக்கு அது தாராளம், ஆல்பத்துக்கு ஆகாது.

## அறிகுறி 4: தம்ப்நெயில் நன்றாக இருக்கிறது, திறந்தால் பாதி சாம்பல் அல்லது இளஞ்சிவப்புக் கோடுகள்

ரா கோப்புக்குள் ஒரு ஜேபெக் பிரதியும் ஒளிந்திருக்கிறது. முதலில் தெரிவது அது. உண்மையான ரா தரவு திறக்கும்போதுதான் சேதம் தெரியும். கேமராத் திரையில் தெரிவதும் அந்த ஜேபெக்தான் என்பதால் "கேமராவில் நல்லாத்தான் இருந்துச்சு" என்பது சாட்சியம் ஆகாது.

கார்டு இன்னும் இருந்தால் வேறு கார்டு ரீடரில் போட்டு அதே கோப்பைத் திரும்பக் காப்பி செய்யுங்கள். சரியாக வந்தால் பழைய ரீடரைக் குப்பையில் போடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு காப்பியிலும் வெவ்வேறு படங்கள் கெடுகின்றன என்றால் கேபிளுக்கு அப்புறம் கம்ப்யூட்டரின் ரேமைச் சந்தேகியுங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு இரவு ஓடட்டும். எத்தனை முறை எடுத்தாலும் அதே படம் அதே இடத்தில் கெட்டிருந்தால் கார்டிலேயே பிழை. அந்தக் கார்டு இனி முகூர்த்தத்துக்குப் போகக்கூடாது.

அசல் கிடைக்கவே இல்லையா? எக்ஸிஃப்டூல் மென்பொருளால் உள்ளே இருக்கும் ஜேபெக்கைத் தனியாக உருவலாம். கேனன், நிக்கான் கேமராக்கள் பலவற்றில் அது முழு அளவிலேயே இருக்கும். பழைய சோனி கேமராக்களில் 1616க்கு 1080தான், ஆல்பத்தில் சின்னக் கட்டத்துக்குப் போதும்.

## அறிகுறி 5: எந்த ராவும் திறக்கவில்லை, கேமரா புதுசு

லைட்ரூம் பழசு. அப்டேட் செய்ய வழியில்லை என்றால் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றித் திறங்கள். எக்ஸ்ப்ளோரரில் தம்ப்நெயில் மட்டும் வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது.

## அறிகுறி 6: கிளவுடில் ஏற்றுவது முடியவே இல்லை

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கேமராவில் 4000 ரா, ஒன்று 30 எம்பி என்றால் 120 ஜிபி. ஏற்றும் வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) முழுதாகக் கிடைத்தால் 2 மணி 40 நிமிடம். 20 என்றால் 13 மணி நேரத்துக்கு மேல். பிளானில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் தனி, அதைச் சோதித்துப் பாருங்கள். கணக்குப்படி இரவு முழுக்க ஆக வேண்டியது இரவு முழுக்க ஆனால் கோளாறு எதுவும் இல்லை.

ராத்திரி விட்டேன், காலையில் பாதியில் நிற்கிறது. லேப்டாப் ஸ்லீப்புக்குப் போயிருக்கும். பவர் செட்டிங்கில் நிறுத்துங்கள். பிரவுசர் வழியாக ஏற்றுவதைவிட அந்தந்த நிறுவனத்தின் டெஸ்க்டாப் செயலி நல்லது, கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மோடமுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

ஜிப் செய்து ஏற்றுகிறீர்களா? வேண்டாம். பெரும்பாலான ரா ஏற்கெனவே சுருங்கியது, அளவு குறையாது. ஏற்றும்போது 40 ஜிபி ஜிப் உடைந்தால் 40 ஜிபியும் முதலிலிருந்து.

இடம் இல்லை என்கிறது. கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. அது நிரம்பினால் மெயிலும் வராது. ஸ்டுடியோவின் தொழில் மெயில் கணக்கிலேயே ராவை ஏற்றாதீர்கள். பணம் கட்டிய கணக்கிலும் கூகுள் டிரைவில் ஒரு நாளைக்கு 750 ஜிபி வரைதான் ஏற்ற முடியும். பழைய டிஸ்க்குகளை மொத்தமாக ஏற்றும்போது இதில் முட்டுவீர்கள், மறுநாள் தானே திறக்கும்.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. கூகுள் டிரைவ் செயலி கம்ப்யூட்டரில் காட்டும் டிஸ்க்கில் படங்களைப் பேஸ்ட் செய்தால் முதலில் சி டிரைவில் ஒரு பிரதி போய், அப்புறம்தான் இணையத்துக்குப் போகும். செயலியின் செட்டிங்ஸில் அந்தத் தற்காலிக இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றலாம். இதில் பெரிய ஆபத்து இடம் அல்ல. பேஸ்ட் முடிந்ததும் "ஏறிவிட்டது" என்று நினைத்துக் கார்டை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐகான் எல்லாம் முடிந்தது என்று சொல்லும் வரை அது உங்கள் லேப்டாப்பில்தான் இருக்கிறது.

## அறிகுறி 7: கிளவுடில் இருக்கிறது, ஆனால் சரியாகக் கிடைக்கவில்லை

ஃபோல்டரில் பெயர் இருக்கிறது, திறக்க நேரமாகிறது, நெட் இல்லாவிட்டால் திறக்கவே இல்லை. ஒன்டிரைவில் கோப்புக்குப் பக்கத்தில் மேகச் சின்னம் இருந்தால் அது வெறும் பெயர்ப்பலகை, உடல் இணையத்தில் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து, இந்தக் கணினியில் எப்போதும் வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிராப்பாக்ஸ், ஐகிளவுட், கூகுளிலும் இதே வசதி உண்டு. மண்டபத்தில் காட்ட வேண்டிய படங்களை முந்தைய நாளே இறக்கிவிடுங்கள்.

டிசைனருக்குப் பாதிப் படம்தான் வந்தது. கூகுள் டிரைவ் பெரிய ஃபோல்டரைப் பல ஜிப்களாகப் பிரித்து அனுப்பும். ஒன்றுக்கு மேல் இறக்க பிரவுசர் அனுமதி கேட்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. எல்லா ஜிப்பும் வந்ததா என்று எண்ணுங்கள், அப்புறம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விரியுங்கள். தனித்தனியாக விரித்தால் ஒரே பெயரில் பல ஃபோல்டர்கள் உருவாகி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படம் இருக்கும்.

ரா ஏற்றினேன், ஜேபெக் கிடைக்கிறது. கூகுள் போட்டோஸில் இடம் மிச்சப்படுத்தும் தரத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். அதில் 16 மெகாபிக்சலுக்குள் சுருங்கிவிடும், ரா திரும்பாது. அசல் தரம் என்று மாற்றியபின் ஏற்றுங்கள், அல்லது ராவுக்கு டிரைவையே பயன்படுத்துங்கள்.

இங்கே அழித்தேன், அங்கேயும் போய்விட்டது. சிங்க் (கம்ப்யூட்டரையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைப்பது) அப்படித்தான் வேலை செய்யும். லேப்டாப்பில் இடம் வேண்டும் என்று அழித்ததை அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். உடனே வெப்பில் போய் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவிலும் 30 நாள் இருக்கும். பகிர்ந்த ஃபோல்டர் என்றால் கேமரா கொடுத்த கோப்பு எண்ணை வைத்து டிரைவ் முழுக்கத் தேடுங்கள், யாராவது நகர்த்தியிருக்கலாம். 30 நாள் தாண்டியிருந்தால் தனி ஹார்ட்டிஸ்க் பிரதி ஒன்றுதான் வழி. அந்த டிஸ்க்குகளைப் பார்க்க ஆடி மாதம் தோது, முகூர்த்தம் இல்லை. ஒவ்வொன்றையும் செருகி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பாருங்கள், நாலு படம் திறந்து பாருங்கள். அலமாரியில் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டியை இன்னும் அடிக்கடி பாருங்கள். நீண்டகாலப் பிரதிக்கு அதைவிட ஹார்ட்டிஸ்க்கே மேல்.

## எப்போது, எப்படி நிபுணரிடம் போவது

சத்தம், விழுந்தது, நனைந்தது, கருகிய வாசனை, அளவு பூஜ்யம், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 எண் ஏறிக் காப்பியும் எடுக்க முடியாத நிலை. இவற்றில் ஒன்று இருந்து, வேறு பிரதியும் இல்லை என்றால் நீங்களாக எதுவும் ஓட்டாதீர்கள். எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்திருந்தால் உடனே கழற்றுங்கள். விண்டோஸ் பின்னணியில் காலி இடத்தைத் துடைக்கச் சொல்லிவிட்டால் அப்புறம் நிபுணருக்கும் வேலை இல்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வேறு, டேட்டா ரெக்கவரி லேப் வேறு. "அதே மாடல் போர்டு மாற்றினால் போதும்" என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். இப்போதைய டிஸ்க்குகளில் பழைய போர்டில் உள்ள சிப்பையும் மாற்றி வைக்க வேண்டும். மென்பொருளால் முடிகிற மீட்பு ஆயிரங்களில் முடியும். டிஸ்க்கைத் திறக்கும் வேலை பத்தாயிரங்களில் போகும். பார்த்துச் சொல்லும் கட்டணம் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு, கோப்புப் பட்டியலைப் பணத்துக்கு முன் காட்டுவார்களா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தேதி நிகழ்ச்சி, எந்தக் கேமரா, எந்த வகை ரா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் அதை முதலில் தேடுவார்கள்.

பணம் கட்டும் முன் ஒவ்வொரு நிகழ்ச்சியிலிருந்தும் சில ராவை லைட்ரூமில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தம்ப்நெயிலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.